கணக்கில் வராத மனைவிகள்

ராபர்ட் வால்டிங்கரும் மார்க் ஷுல்ஸும் எழுதி 2023-ல் வந்த ‘தி குட் லைஃப்’ படித்தேன். 1938-ல் ஹார்வர்டில் தொடங்கிய ஆய்வின் கதை. மொத்தம் 724 ஆண்கள். பாதிக்கு மேல் பாஸ்டன் நகரின் ஏழைப் பையன்கள். வாலிபத்திலிருந்து வயோதிகம் வரை விடாமல் துரத்தி ரத்தம் எடுத்தார்கள், சம்பளம் கேட்டார்கள். ‘நடுராத்திரியில உடம்புக்கு முடியலேன்னா யாரைக் கூப்பிடுவீங்க?’ என்றுகூட. சிலருக்கு ஒரு பெயர்கூடத் தோன்றவில்லையாம்.

50 வயதில் நெருங்கின உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே 80-ல் திடமாக இருந்தார்கள். கொலஸ்ட்ராலை வைத்துச் சொல்வதைவிட இந்த ஜோசியம் நன்றாகப் பலித்தது என்கிறார்கள். சரளமான நடை. உதாரணங்கள்தான் கொஞ்சம் அதிகம்.

ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஓர் உறுத்தல். அந்த ஆண்களின் உறவுகளைக் கட்டிக் காத்தது யார்? பிறந்தநாளை ஞாபகம் வைத்தது, வாழ்த்து அட்டை அனுப்பியது, சண்டைக்கப்புறம் முதலில் பேசியது? மனைவிகளை ஆய்வில் முறையாகச் சேர்த்ததே 2000-க்கு அப்புறம்தான். லாபத்தை எழுதிவிட்டு முதல் போட்டவர் பெயரை விட்டால் எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் பெயிலாக்கிவிடுவார்.

இருந்தாலும் வாங்கிப் படிக்கலாம், அந்த நடுராத்திரிக் கேள்விக்காகவே. நானும் எழுதிப் பார்த்தேன். முதல் பெயர் மனைவி. இரண்டாவது பெயருக்கு ரொம்ப நேரமாயிற்று.

அவளிடம் கேட்டேன். யோசிக்காமல் ஏழெட்டுப் பேர் சொன்னாள். நான் நாலாவது.