பெயருக்குக் காவல், தைத்த கைக்கு?

காயல்பட்டினத்தில் கால்பந்து என்பது ஊர் வழக்கம். ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தின் உடம்பில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் இருக்கும். நெஞ்சில் மூன்று பட்டையோ ஒரு வளைகோடோ இருக்கும். அதில் எது 'ஒரிஜினல்', எது 'டூப்ளிகேட்' என்று யாரும் சண்டை போடுவதில்லை. இருநூறு ரூபாய்க்கு ஒரிஜினல் வராது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். வணிக முத்திரைச் சட்டம் நுகர்வோரை ஏமாறாமல் காக்கிறது என்பது பாடப்புத்தக வாதம். இங்கே ஏமாறுகிறவர் எவருமில்லை. அப்புறம் எதைத்தான் காக்கிறார்கள்?

நைக்கி 1964இல் ஜப்பான் ஷூக்களை இறக்கி விற்கும் ஏஜென்சியாக, வேறொரு பெயரில் பிறந்த கம்பெனி. 1971இல் ஒரு மாணவி வரைந்து தந்த வளைகோட்டுக்குக் கொடுத்தது 35 டாலர். பின்னாளில் அவருக்குக் கம்பெனிப் பங்கும் கொடுத்தார்கள். 1984இல் மைக்கேல் ஜோர்டானை ஒப்பந்தம் செய்த பிறகு போட்டியின் களம் ஷூவின் அடிப்பகுதியைவிட ஆட்டக்காரனின் பிம்பத்துக்கு நகர்ந்தது. தைக்கும் வேலையோ கொரியா, தைவான், இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என்று கூலி மலிந்த இடம் தேடி நடந்தது. நம் செய்யாறு சிப்காட்டிலும் நைக்கிக்கு ஷூ செய்வது தைவானின் ஃபெங் டே குழுமம்தான். ஆலை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இதுதான் இந்த நிர்வாகக் கலையின் சூட்சுமம்.

ஆலையைக் கைகழுவியவர்கள் பெயரை மட்டும் விடுவதில்லை. டில்லி உயர் நீதிமன்றத்தில் 2024இல் தீர்ப்பான வழக்கைப் பாருங்கள். துணி வியாபாரி ஒருவர் தன் சரக்குக்கு அடிடாஸ் என்று பெயர் வைத்திருந்தார். சிந்தியில் 'அடி' என்றால் அக்கா. அக்காவின் தாசன் என்ற பாசத்தில் வைத்தது என்றார். ஜெர்மன் கம்பெனியின் பெயரோ ஷூ தைத்த அடி டாஸ்லரின் செல்லப் பெயரும் குடும்பப் பெயரும் ஒட்டிப் பிறந்தது. அக்கா தோற்றாள். இதே கம்பெனி நான்கு பட்டை போட்ட தாம் பிரவுன் என்ற உடை நிறுவனத்தின் மீதும் நியூயார்க்கில் வழக்குப் போட்டு 2023இல் தோற்றது. ஜெயித்தாலும் தோற்றாலும் வழக்காடுவது நிற்காது. வேலி போடாத முத்திரை பொதுச்சொத்தாகிவிடும் என்ற பயம் அது.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. பிறர் ஆலையில் செய்த பொருளில் ஒரு கம்பெனி எந்த உரிமையில் தன் முத்திரையைக் குத்துகிறது? தரம் எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உரிமையில். நூலின் நிறம், அங்குலத்துக்கு இத்தனை தையல், பெட்டியில் மடிக்கும் விதம் எல்லாமே அவர்கள் உத்தரவு. தப்பினால் சரக்கு திரும்பும். ஆனால் தைத்தவருக்கு ஓவர்டைம் வந்ததா என்று கேளுங்கள், "அது சப்ளையர் விவகாரம், நாங்கள் முதலாளி அல்ல" என்பது இத்துறையின் பழைய பதில். தையலுக்குப் பொறுப்பு உண்டு, தைக்கிறவருக்குப் பொறுப்பு இல்லை. ஒரே வாயில் இரண்டு சொல்லாடல்.

சட்டமும் இதற்கு ஒத்து ஊதுகிறது. 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்படி பொய் முத்திரை குத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில். அபராதம் குறைந்தது 50,000 ரூபாய். டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி வாரண்ட் இல்லாமலே கடையில் நுழையலாம். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில், கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 50,000தான். ஜெயில் கிடையாது. பெயரைத் திருடியவனுக்கு எது தரையோ, கூலியைத் திருடியவனுக்கு அது கூரை.

முத்துக் கடற்கரைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் பிரிட்டிஷ் அரசு சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து ஏலம் விட்டது. குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. அது பொற்காலமில்லை. கடன், சுறா, மூச்சுத் திணறல் எல்லாம் குளித்தவனுக்கே. ஆனாலும் திறக்காத சிப்பியில் அவனுக்கு ஒரு பங்கு இருந்தது, அதிலிருந்து வரும் முத்தின் விலையில் அவனுக்கும் ஒட்டு இருந்தது. இன்றைய சிப்பி, பெயர். வரைந்தவருக்குப் பங்கு கிடைத்தது. தைத்தவருக்குக் கூலிக் கணக்கு மட்டும்.

டூப்ளிகேட் போடுவதே கலகம், அது முதலாளியக் குறியைக் கவிழ்க்கிறது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டூப்ளிகேட் வியாபாரியும் அதே பெயரின் நிழலில்தான் கடை போடுகிறார். அவருக்குத் தைக்கும் டெய்லருக்குப் பீஸ் ரேட், வரவுப் பதிவேடு கிடையாது, பி.எஃப். கிடையாது. கேள்வி கேட்க ஒரு முகவரிகூடக் கிடையாது. குறி கவிழலாம், கூலி நிமிரவில்லை.

நமக்குப் பயன்படுவது வேறொரு உதாரணம். ஹோண்டுராஸில் நைக்கிக்குத் தைத்த இரண்டு சப்ளையர் ஆலைகள் மூடப்பட்டன; சுமார் 1,800 பேருக்குச் சேரவேண்டிய பணம் வரவில்லை. எங்கள் கடன் அல்ல என்றே கம்பெனி முதலில் நின்றது. அமெரிக்க மாணவர்கள் பல்கலைக்கழகச் சட்டைகளில் அந்த முத்திரை வேண்டாம் என்று கிளம்பினார்கள்; விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. 2010இல் அந்தத் தொழிலாளர்களுக்கென்று சுமார் 15 லட்சம் டாலர் வந்தது. சப்ளையரிடம் கேட்டுக் கிடைக்காதது, பெயரைத் தொட்டதும் கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. ஆர்டர் போனால் வேலை போகும் என்ற பயம் செய்யாற்றுப் பெண்ணுக்குத்தான், நமக்கல்ல. எனவே புறக்கணிப்பா இல்லையா என்பதை அவள் சங்கம் சொல்லட்டும். அந்தச் சங்கம் அமையத் துணைநிற்பது நம் வேலை. நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை ஒன்றுதான்: கட்டுப்பாடு எங்களுடையது என்று சொல்லி முத்திரையைக் காத்துக்கொள்கிறவர், அந்த முத்திரைக்குக் கீழே நடக்கும் கூலித் திருட்டுக்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். பெயர் அவர்களுடையது என்றால் பாக்கியும் அவர்களுடையதே.