பதக்கமும் குதிகாலும்

நம் ஊர் அமெச்சூர் ஓட்டக்காரருக்கு ஆண்டுக் கணக்கே பந்தயங்களை வைத்துத்தான் ஓடுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். அதே மாதம் மூன்றாவது ஞாயிறு மும்பை. பிப்ரவரியில் ஆரோவில். வெயில் காலத்தில் பெங்களூரு பத்து கிலோமீட்டர். ஜூலை வாக்கில் மறுபடி சென்னையில் அரை மாரத்தான். ஆண்டு முடிவதற்குள் கோவை. இடையிடையே மாவட்டத் தலைநகர்களில் நடக்கும் ஓட்டங்கள் வேறு. மும்பை மாரத்தான் 2004-லும், பெங்களூரு ஓட்டம் 2008-லும், கோவை மாரத்தான் 2013-லும் தொடங்கியவை. ஒரு தலைமுறை வளர்வதற்குள் இந்தப் பந்தயங்கள் ஒரு பண்பாடாகவே வளர்ந்துவிட்டன.

இவை இல்லாவிட்டால் நம்மில் பலர் ஓடவே தொடங்கியிருக்க மாட்டோம். இவற்றின் பின்னால் ஓடித்தான் நம்மில் பலர் காலைக் கெடுத்துக்கொண்டும் நிற்கிறோம். பந்தயத்திலும் காயத்திலுமாகக் கழிந்த ஓர் ஆண்டுக்குப் பிறகு இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட விரும்புகிறேன். ஓட்டத்தின் மீது எனக்குள்ள பற்று குறையவில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு.

முதலில் நிறைகள். ‘தினமும் நடங்கள், சர்க்கரை குறையும்’ என்று மருத்துவர் சொன்னால் ஒரு வாரம் நடப்போம். பந்தயத்துக்குப் பணம் கட்டி, நெஞ்சில் குத்தும் பிப் எண் வந்துவிட்டாலோ நான்கு மாதம் விடாமல் எழுந்திருப்போம். தேதி என்ற ஒன்று இருப்பதாலேயே பயிற்சிக்கு ஒரு வரிசை வருகிறது: செவ்வாய் வேக ஓட்டம், வியாழன் நிதான ஓட்டம், ஞாயிறு லாங் ரன். பொதுவான அறிவுரையால் முடியாத காரியம் இது.

இரண்டாவது, குழு. சென்னை ரன்னர்ஸ் 2006-ல் தொடங்கியது. இன்று பேட்டைக்குப் பேட்டை ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன் காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை போய்ப் பாருங்கள். அறுபதைக் கடந்தவர், ஐ.டி. ஊழியர், கல்லூரி மாணவி, வங்கி மேலாளர் என்று எல்லோரும் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே ஓடுவார்கள். வாழைப்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் வைத்துக்கொண்டு, அன்று ஓடாத ஒருவர் காருக்குப் பக்கத்தில் காத்திருப்பார். இருட்டில் ஒரு பெண் தனியாக ஓடத் தயங்கும் சாலையில் பத்துப் பேராகப் பெண்கள் ஓடுகிறார்கள். ஓட்டம் முடிந்து இட்லிக் கடையில் உட்காரும்போது வயதும் பதவியும் காணாமல் போயிருக்கும். நகரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. பந்தயம் என்ற பொது இலக்குதான் இவர்களைச் சேர்த்து வைத்தது என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது, ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேரிடமும், ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேரிடமும் இருந்தது. போட்டிக்காகவே ஓடுபவர்களில் அது 13 சதவீதத்தைத் தாண்டியது. இவை தொடர்பைக் காட்டும் எண்கள். ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் அளவோடு ஓடினால் முழங்கால் போய்விடும் என்ற பயத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை. எச்சரிக்கை தேவைப்படும் இடம் வேறு.

என் குதிகால் எனக்குக் காட்டியது அந்த இடத்தைத்தான். ஜனவரியில் முழு மாரத்தான், அடுத்த மாதம் ஒரு அரை மாரத்தான், பிறகு வேகத்தைக் கூட்டுவதற்கான பயிற்சி, ஜூலையில் மறுபடி அரை மாரத்தான். குழுக்களில் பலரும் போடும் அட்டவணைதான் இது. மே மாதத்திலேயே அக்கிலிஸ் தசைநாண் முணுமுணுக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் மரக்கட்டை மாதிரி இருக்கும். குதிகாலுக்கு மேலே கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினால் ஓரிடம் மட்டும் தடித்து, தொட்டாலே வலிக்கும். ஆனால் ஓடத் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் போனதும் சூடேறி வலி மறைந்துவிடும். வலி மறைந்தால் சரியாகிவிட்டது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை அது முந்தைய நாளைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரும்பி வரும். ஜூலைப் பந்தயம் முடிந்து வீட்டு மாடிப்படி இறங்க, கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆண்டின் மீதிப் பாதி பிசியோதெரபியில் போனது.

இந்தக் காயத்துக்குக் காரணம் தேடும்போது நம் குழுக்களில் முதலில் மாட்டுவது ஷூ. அடுத்தது ஓடும் முறை. அதற்கடுத்தது, வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியை மீறியது. இந்தப் பத்து சதவீத விதியை நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய 500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். விதிப்படி மெல்லக் கூட்டியவர்களிலும் வழக்கமான திட்டப்படி ஓடியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். வித்தியாசமே இல்லை. 2025-ல் வெளியான இன்னோர் ஆய்வு 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் தொடர்ந்தது. வாரக் கணக்கைவிட, ஒரே ஓட்டத்தின் தூரத்துக்கும் காயத்துக்கும்தான் அதில் தெளிவான தொடர்பு தெரிந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடினால் ஆபத்து கூடுகிறது.

இதை நம் பந்தயங்களோடு பொருத்திப் பாருங்கள். பயிற்சியில் 15 கிலோமீட்டர் வரை ஓடியவர் பந்தய நாளில் 21.1 கிலோமீட்டர் ஓடினால் அது 40 சதவீதப் பாய்ச்சல். முழு மாரத்தான் திட்டங்கள் பெரும்பாலும் 30, 32 கிலோமீட்டரோடு நின்றுவிடும், அங்கிருந்து 42.195-க்குப் போவது 30 சதவீதத்துக்கும் மேலான பாய்ச்சல். அதாவது பந்தய நாளின் அமைப்பே காயத்துக்குக் கதவு திறந்துவைக்கும் அமைப்பு. அந்த 42.195 கிலோமீட்டரும் உடலை அளந்து வைத்த எண் அல்ல. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடித்தபோது வந்த தூரம் அது. 1921-ல் அதையே நிலையான அளவாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் மாதந்தோறும் பந்தயம் ஓடுபவருக்குப் பாய்ச்சலே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தூரப் பாய்ச்சல் அவருக்குக் குறைவு, உண்மை. ஆனால் அவர் இழப்பது ஆறும் காலத்தை. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் ரத்த ஓட்டமும் தேறிவிடும். மூச்சு வாங்குவது குறையும். கைக்கடிகாரம் பேஸ் கூடிவிட்டதைக் காட்டும். தசைநாணும் எலும்பும் தேற மாதங்கள் வேண்டும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் இதை வியக்கத்தக்க வழியில் காட்டினார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன் மனித உடல்களிலும் பதிந்திருக்கிறது. அதை வைத்து அக்கிலிஸ் தசைநாணின் வயதைக் கணித்தார்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்து, அதன்பின் மிகச் சொற்பமாகவே புதுப்பிக்கப்படுகிறது என்று தெரிந்தது. நாற்பது வயதில் நாம் ஓடுவது பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் உருவான தசைநாணை வைத்துத்தான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள். புது என்ஜின் பொருத்திய பழைய வண்டியின் நிலைதான் நமக்கு: மூச்சு ‘போ’ என்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை.

இந்தப் பழக்கத்தின் பெருங்குறை என்று நான் கருதுவது இங்கேதான் இருக்கிறது. தேதி உடலைக் கேட்காமல் வருகிறது. உடல் ‘இன்னும் ஆறு வாரம்’ என்று கேட்கும்போது, கட்டிய பணமும் வாங்கிய ரயில் டிக்கெட்டும் குழுவின் உற்சாகமும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்கின்றன. இதற்கு மேல் நம் பேச்சு மொழி வேறு. வலியோடு முடித்தவரை ‘வைராக்கியம்’ என்று பாராட்டுகிறோம். பாதியில் நின்றவரின் பெயருக்கு நேரே டி.என்.எஃப். (‘முடிக்கவில்லை’) என்ற மூன்றெழுத்து விழுகிறது. அதைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். முப்பதாவது கிலோமீட்டரில் தொடை தளர்ந்துபோவதும், எலும்பில் ஒரே புள்ளியில் கூர்மையாகக் குத்துவதும் இரண்டு வேறு வலிகள். முதலாவதைத் தாங்கலாம், இரண்டாவதோடு ஓடக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். ஆனால் பதக்கப் புகைப்படங்களின் சத்தத்தில் அவர்கள் குரல் அமுங்கிவிடுகிறது.

எலியுட் கிப்சோகே போன்ற தலைசிறந்த மாரத்தான் வீரர்கள் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்களே ஓடினார்கள். அவர்களுக்கு ஓட்டமே தொழில். பகலில் உறங்கவும், உடலைப் பிடித்துவிடவும், சத்துணவுக்கும் வசதி உண்டு. ராத்திரி பதினொரு மணி வரை வேலை பார்த்துவிட்டு நான்கு மணிக்கு எழும் நாம் அவர்களைவிட அடிக்கடி பந்தயத்துக்குப் போகிறோம். தூக்கம் குறைந்தால் ஆறும் வேகமும் குறையும் என்பதை அட்டவணையில் யாரும் எழுதுவதில்லை.

பந்தயமே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. 2008 முதல் நடக்கும் ஆரோவில் மாரத்தான் ஒரு வழியைக் காட்டுகிறது. செம்மண் காட்டுப் பாதையில், பரிசும் வெற்றி மேடையும் இல்லாமல் ஓடுகிறார்கள். மண் பாதை காலுக்கு மெத்தென்று இருக்கிறது, போட்டி மனம் தளர்கிறது. ஆனால் தூரம் அங்கேயும் அதே 42.195தான், பரிசை எடுத்துவிட்டதால் தசைநாணின் சுமை குறைந்துவிடாது. வேர்களும் மேடுபள்ளமும் கணுக்காலைச் சோதிக்கும். பரிசை நீக்குவதோடு, நிற்பதற்கும் ஒரு மதிப்பு தர வேண்டும்.

குணமாகும் பயிற்சி எனக்கு அதைப் புரியவைத்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலின் குதியை மட்டும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. இதையே நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். ஸ்வீடனின் ஹாகன் ஆல்ஃபிரட்சன் குழு 1998-ல் வெளியிட்ட முறை இது. எந்தக் கருவியும் வேண்டாம், பொறுமை மட்டும் போதும். அந்த 12 வாரத்தைச் சுருக்கப் பணத்தாலும் மன உறுதியாலும் முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. பந்தயத்தின் நன்மைகளான ஒழுங்கும் குழுவும் இலக்கும் ஆண்டுக்கு இரண்டு பந்தயத்திலேயே முழுதாகக் கிடைத்துவிடுகின்றன. மூன்றாவது, நான்காவது பந்தயங்கள் பதக்கத்தைக் கூட்டும், பலனைக் கூட்டா. அமைப்பாளர்கள், காயப்பட்டவரின் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளவும், கடைசி வாரத்தில்கூடக் குறைந்த தூரத்துக்கு இறங்கவும் வழி விட வேண்டும். குழுக்கள், முடித்தவரைப் போலவே சரியான நேரத்தில் நின்றவரையும் மேடைக்கு அழைக்க வேண்டும். ஓட முடியாத மாதங்களில் தண்ணீர் கொடுக்கவும் புதியவர்களோடு நடக்கவும் அவருக்கு ஓரிடம் வைத்திருக்க வேண்டும். காயப்பட்டவர் குழுவை விட்டு விலகாமல் இருந்தால் அவசரப்பட்டுத் திரும்பி ஓட மாட்டார். எழுபது வயதிலும் ஓட வேண்டும் என்பதே நம் ஆசை என்றால், நாற்பது வயதில் தவறவிட்ட ஒரு பந்தயம் அதில் நட்டக் கணக்கே அல்ல.