தட்டில் வளரும் தோல்
பிரான்சின் லியோன் நகரில் எபிஸ்கின் ஆய்வகம் வளர்க்கும் தோல், சட்டைப் பொத்தான் அளவுதான். பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையில் அகற்றிய தோலைக் கொடையாளரின் சம்மதத்துடன் பெற்று, செல்களைப் பிரித்து, கொலாஜன் என்ற புரதத்தாலான படலத்தின்மேல் விதைக்கிறார்கள். சில நாள் ஊட்டத் திரவத்தில் மூழ்கியிருந்த பின் மேற்பரப்பைக் காற்றுபடத் திறந்துவிடுகிறார்கள். அழகே இங்குதான்: அடியிலிருந்து மட்டும் ஊட்டம் உறிஞ்சும் செல்கள் அடுக்கடுக்காக மேலேறி, நம் உடம்பில் நடப்பது போலவே உச்சியில் காய்ந்து கெட்டிப்படுகின்றன.

தோலுக்கு எரிச்சல் தருமா என்று சோதிக்க வேண்டிய பொருளை இதன்மேல் தடவி, 15 நிமிடத்தில் கழுவி, 42 மணி நேரம் விடுகிறார்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். பாதியோ அதற்கு மேலோ செத்திருந்தால் அது எரிச்சலூட்டும் பொருள்.

1944-இல் வந்த டிரெய்ஸ் முறையில் இந்த எரிச்சல் சோதனைக்கு முயலின் மழித்த முதுகுதான் களம். அதற்கு மாற்றாகத் தட்டுத் தோலைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2010-இல் ஏற்றது. ஆனால் ஈரலைத் தாக்கும் நஞ்சை இந்தத் தோல் காட்டாது. அதற்கு ஈரல் செல்களையே வளர்க்க வேண்டும்.