பழைய பொலிரோ வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

ஆட்டோ கன்சல்டிங் வாசலில் கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு நிறுத்தியிருக்கும் பொலிரோவைவிட, யாரோ ஒருவர் தோட்டத்தில் சேறும் சகதியுமாக நிற்கும் பொலிரோவை நான் அதிகம் நம்புவேன். புது பெயிண்ட் மறைக்கும் அளவுக்குச் சேறு எதையும் மறைப்பதில்லை.

2000-ஆம் ஆண்டில் அறிமுகமான மஹிந்திரா பொலிரோ தமிழ்நாட்டில் பார்க்காத வேலை இல்லை. வனத்துறை, வருவாய்த்துறை, காவல்துறை, ஏலக்காய் எஸ்டேட், கோழிப்பண்ணை என்று எல்லா இடத்திலும் உழைத்திருக்கிறது. அதனால் பழைய பொலிரோ என்றால் அது நன்றாக அடிபட்ட வண்டி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு அடிபட்டது என்பதைவிட, எங்கே அடிபட்டது என்பதே முக்கியம். போடி பக்கம் மலையேறி இறங்க ஒரு வண்டி தேவைப்பட்டு, 2012 மாடல் எஸ்.எல்.இ. ஒன்றை வாங்கி, வேலை பார்த்து, இப்போது அன்றாடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கற்றதை வைத்தே எழுதுகிறேன்.

எந்த பொலிரோ?

பழைய சந்தையில் கிடைப்பவற்றை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். முதலாவது டி.ஐ. என்ஜின். 2523 சி.சி. டர்போ டீசல், மெக்கானிக்கல் பம்ப். எலெக்ட்ரானிக்ஸ் தொல்லை குறைவு. எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இருப்பார். இரண்டாவது, அதே 2523 சி.சி. அளவில் காமன் ரெயில் தொழில்நுட்பத்தோடு வந்த எம்2டிஐசிஆர். 63 குதிரைத்திறன், 195 நியூட்டன் மீட்டர் டார்க். மூன்றாவது, 2016-இல் வந்த பவர் பிளஸ். வரிச் சலுகைக்காக நீளம் நான்கு மீட்டருக்குள் சுருங்கியது. என்ஜின் 1493 சி.சி., 70 குதிரைத்திறன்.

கிராமத்தைவிட்டு அதிகம் வெளியே போகாத வண்டி வேண்டுமென்றால் டி.ஐ. போதும். மலையும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுபவர்களுக்கு எம்2டிஐசிஆர் பொருந்தும். ஸ்கேனர் போட்டால் கோளாறை ஓரளவு அதுவே சொல்லிவிடும். ஆனால் கலப்பட டீசல் போட்டு ஓட்டியிருந்தால் இன்ஜெக்டர் போயிருக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறியதல்ல. பணம் இடம் கொடுத்தால் பவர் பிளஸ் பாருங்கள். வயது குறைவு என்பதே அதன் பெரிய பலம்.

காகிதம் சரியில்லையென்றால் திரும்பி நடங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஃபைனான்ஸ் நிலுவை உண்டா என்று தெரிந்துவிடும். நிலுவையில் இருக்கும் அபராதச் சலான்களையும் பார்த்துவிடுங்கள். ஓன் போர்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வயது தாண்டிய காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. 14 வயது வண்டியை மலிவு என்று வாங்குபவர், அடுத்த ஆண்டு வரப்போகும் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. ஃபைனான்ஸ் இருந்தால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35. வெளிமாநில வண்டியென்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து வண்டிகள் மலிவாகக் காட்டப்படுகின்றன. இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு அலைச்சல் இரண்டையும் சேர்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். ‘கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவர் மாற்றிக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவர் இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும்.

சேசிஸில்தான் விஷயம் இருக்கிறது

பொலிரோவின் உயிர் அதன் ஏணிச் சட்ட சேசிஸ். கதவு, பானெட், சீட், ஏன் என்ஜினைக்கூட மாற்றிவிடலாம். சேசிஸ் அரித்துவிட்டால் அந்த வண்டிக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஒரு ஸ்குரூடிரைவர் போதும். சாக்கை விரித்துப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். லீஃப் ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் பிராக்கெட்டைச் சுற்றி ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சில சமயம் துரு ஏடு ஏடாக உதிர்ந்து கண்ணில் விழும். மேலோட்டமான செந்துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். தேய்த்து பிரைமர் அடித்தால் போகும். பயப்பட வேண்டியது வெல்டிங் தழும்புக்கு. கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். பட்டறை வெல்டிங் புடைத்து நிற்கும். சேசிஸில் இடையில் தகடு வைத்து ஒட்டியிருந்தால் வண்டி பெரிய அடி வாங்கியிருக்கிறது, அல்லது தாங்காத பாரம் ஏற்றியிருக்கிறார்கள். அடியில் மட்டும் கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக மின்னினாலும் சந்தேகப்படுங்கள்.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். துருவில் எண் அழிந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆய்வில் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடம் தெரிந்தால் பேரமே வேண்டாம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி, ஸ்டியரிங்கில் பிடிக்கும் இடம் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் சீட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் வண்டி 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் நம்ப முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்ட டயர் மழையில் கைவிட்டுவிடும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில் கேளுங்கள்

போகும் முன் போன் செய்து, ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள், நான் வந்து போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல குறைகளைக் காட்டாது. போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் முதல் செல்ஃபிலோ இரண்டாவதிலோ பிடிக்க வேண்டும். கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

அடுத்து, ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே வைத்துப் பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி துள்ளி, புகை குபுகுபுவென்று வந்தால் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்லும் நோய் வந்துவிட்டது. பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அப்புறம் என்ஜின் இறக்கும் வேலைதான்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிக்கொள்ளுங்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போய் அழுத்திக் கொடுத்தால் என்ஜின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் பின்னால் ஊளையிட்டால் கிரவுன் சத்தம். ‘டக்’கென்று தட்டினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் கிராஸ். ஜாயிண்ட் கிராஸ் மலிவு, கிரவுன் மலிவல்ல. ஆளில்லாத நேரான ரோட்டில் பிரேக் பிடித்து, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

முதலில் நிற்க வேண்டும், அப்புறம்தான் மின்ன வேண்டும்

வண்டி வீடு வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெயிண்ட், சீட் கவர், புது அலாய் வீல். இந்த வரிசை தப்பு. வண்டி விலையில் கால் பங்கையாவது வேலைக்கென்று ஒதுக்கிக்கொண்டு, கீழிருந்து மேலே வாருங்கள்.

முதலில் பிரேக். முன்னால் டிஸ்க் பேட், பின்னால் டிரம் லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலை இறங்கும்போது சூடேறினால் ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சாக அமுங்கும். அடுத்து டயர். அதற்கடுத்து முன்பக்க பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், பின்னால் ஷேக்கிள் புஷ். பட்டைகளை இறக்கி, உடைந்ததை மாற்றி, சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் புதிதாகப் போட்டதும் என் வண்டியின் கடகடப்பில் பாதி போனது. லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி பக்கம் இந்தப் பட்டை வேலைக்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு குளிர்விக்கும் பகுதி. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் மாற்றி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், எல்லா ஃபில்டர்களும் ஒரே நேரத்தில் மாறட்டும். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கு அத்துடன் முடிந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. உதிரி பாகங்களில் கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவை சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது.

கடைசியாகத்தான் டிங்கரிங். மழைத்தண்ணீர் தேங்கும் கதவின் அடிப்பகுதியையும் கால்மிதிக்கு அடியில் இருக்கும் தரைத் தகட்டையும் பாருங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி மூடினால் அடுத்த மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு வரும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முன்னால் பெரிய இரும்பு பம்பர் கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். குறுக்கே வரும் மனிதர்களுக்கு அது ஆபத்து என்பதால், அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017-இலேயே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமையும் உரியுங்கள். அதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை செய்தது. வண்டி நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அதே நிறத்தை அடித்துவிடுவது நிம்மதி.

ஓட்ட எப்படி இருக்கிறது?

வேலை முடிந்த பொலிரோ மலையில் தன் முழுக் குணத்தையும் காட்டுகிறது. டார்க் முழுவதும் கீழ் வேகத்திலேயே கிடைப்பதால், போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் கொண்டை ஊசி வளைவிலும் திணறாமல் இழுக்கிறது. கல் பாதையில் பின்பட்டைகள் பாரத்தை அலட்சியமாகத் தாங்குகின்றன. உயரமாக உட்கார்ந்து பானெட்டின் இரு முனையையும் பார்த்து ஓட்டலாம் என்பதால் குறுகிய சந்தில் நம்பிக்கை வருகிறது. டீசல் செலவும் கையைக் கடிக்கவில்லை.

நெடுஞ்சாலையில் எண்பதுக்குள் இதமாகப் போகிறது. அதற்கு மேல் என்ஜின் சத்தமும் காற்றின் இரைச்சலும் பேச்சை அமுக்கிவிடும். ஆளில்லாமல் போனால் பின்பக்கம் துள்ளும். ஈரச் சாலை வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். உயரமான வண்டி, சட்டென்று திருப்பினால் சாயும். முக்கியமாக, அந்தக் காலத்துப் பொலிரோக்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது; இவை இரண்டும் 2019-இல்தான் கட்டாயமாயின. எந்தப் பட்டறை வேலையும் அந்தக் குறையைத் தீர்க்காது. சீட் பெல்ட்டைப் புதிதாக மாற்றுங்கள். பின்னால் எதிரெதிரே மடக்கி வைக்கும் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கவே வேண்டாம். அந்த இடம் சாமானுக்குத்தான்.

யாருக்கு இந்த வண்டி?

தோட்டம், மலை, மோசமான ரோடு, கொஞ்சம் பாரம், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு மெக்கானிக் என்று இவ்வளவும் இருப்பவருக்குப் பழைய பொலிரோவைத் தயங்காமல் சொல்வேன். குடும்பத்தோடு வாரம்தோறும் நெடுஞ்சாலையில் நூறில் போகிறவர் வேறு வண்டி பாருங்கள். பாதுகாப்பு விஷயத்தில் பொலிரோவால் உங்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. வாங்குவதென்று முடிவு செய்தால் சேசிஸும் காகிதமும் சுத்தமாக இருக்கும் வண்டிக்குக் கேட்ட விலையை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்று சரியில்லாத வண்டியைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.