கேப்பைப் பணியாரத்தின் பக்குவம்

கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்புக்குத் தென்காசிப் பக்கம் பண்டத்துக்குக் குறைவில்லை. கேப்பைப் பணியாரத்துக்கு வேண்டியது கேப்பை மாவு, கருப்பட்டிப் பாகு, முட்டைக்குப் பதில் குற்றாலம் கடைவீதியில் குலையாகத் தொங்கும் ஏத்தன் பழம் ஒன்று. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கும் குளுட்டன் கேப்பையில் கிடையாது. இங்கே அந்த வேலையைச் செய்வது மசித்த பழம்தான். ஒரு எச்சரிக்கை: குளுட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள், கோதுமை அரைத்த மில்லிலேயே கேப்பையை அரைக்கக் கொடுக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் கொஞ்சம் மாவே போதும், வயிற்றைக் கெடுக்க.

கருகுவதுதான் பெரிய சிக்கல். வெள்ளைச் சீனி ஏறத்தாழ 160 டிகிரியில் நிறம் மாறும். பழத்தில் உள்ள பிரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே மாறத் தொடங்கிவிடும். அதனால் மேலே கறுத்து, உள்ளே பச்சை மாவாக நிற்கும். கேப்பையோ பிறவியிலேயே கருநிறம். கண்ணை நம்ப முடியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

கனத்த இரும்புப் பணியாரக்கல்லின் அழகு இங்கேதான். மெதுவாகச் சூடேறி, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் நடுக்குழி முந்திக்கொள்ளும். ஓரக்குழிகளில் முதலில் மாவை ஊற்றி, நடுவில் கடைசியாக ஊற்றி, திருப்பும்போது நடுவிலிருந்து தொடங்கும் கைகளைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். குழியில் முக்கால் அளவு மாவு, சிறுதீ, மேலே மூடி. ஆவியில் உள்ளே வெந்தபின் திருப்பினால் எல்லாம் ஒரே நிறம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது மருந்தல்ல, கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்குக் கருப்பட்டியை விட்டு, முருங்கைக்கீரை போட்டுச் சுடலாம். அது கருகுவதும் குறைவு.