துன்பத்துக்குக் கூலி கேட்காத பாட்டு

தோமஸ் கிரே என்ற ஆங்கிலக் கவிஞர் 1742இல் துன்பத்தைத் தேவர்கோன் மகளாக்கித் துதி பாடினார். அவள் கையில் இரும்புச் சாட்டை. அறத்தை வளர்த்தெடுத்த தாதியும் அவளே என்பது கவிதையின் கருத்து. திண்ணைப் பள்ளிச் சட்டம்பியாரைப் பற்றிக் கேள்விப்பட்ட யாழ்ப்பாணத்தவருக்கு அந்தத் தெய்வம் புதியவள் அல்லள்.

அடித்துத் திருத்தும் மரபு நம்மிடம் பழையது. ஏடு தொடக்கிய பிள்ளைக்கு ஔவையாரின் நீதிநூல்கள். வளர்ந்தவர்களுக்குக் கோயிலில் கந்தபுராணம். சூரபன்மன் பட்டதெல்லாம் செய்த வினையின் கணக்கு என்று பயன் சொல்வார்கள். தெளிவான மரபுதான். ஆனால் குற்றமே செய்யாதவன் ஏன் படுகிறான் என்று கேட்டால், முன்வினை என்பதற்கு மேல் அதனிடம் பதில் குறைவு.

அந்தக் கேள்வியைக் கூத்து எடுத்துக்கொண்டது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்துக்குச் சனம் திரண்டது முடிவில் வரும் வரத்தைப் பார்க்கவா? பிள்ளையின் உடலோடு வந்து நிற்கும் சந்திரமதியிடம் கணவனே சுடலைக் கூலி கேட்கிறானே, அந்த இடத்துக்காகத்தான். கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் எஸ்தாக்கியார் கதை இன்னும் கடுமையானது. படைத்தலைவன் செல்வம், மனைவி, மக்கள் எல்லாவற்றையும் இழக்கிறான். பிரிந்தவர்கள் ஒன்றுசேர்கிறார்கள், சேர்ந்த குடும்பம் காய்ச்சிய வெண்கல எருதுக்குள் வேதசாட்சியாக மடிகிறது. அரிச்சந்திரனுக்கு இழந்ததெல்லாம் இங்கேயே திரும்பிவிடுகிறது. என் தராசில் எஸ்தாக்கியாரே கனம்.

கொழும்புத்துறை யோகர் சுவாமி (1872–1964) இந்த வழக்கையே தள்ளுபடி செய்துவிடுகிறார். சிறுவயதில் தாயை இழந்து உறவினரிடம் வளர்ந்தவர். சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியக் காப்பாளர். நல்லூர்த் தேரடியில் ஏசியும் துரத்தியும் ஆட்கொண்ட செல்லப்பா சுவாமியிடம் அவர் பெற்றது, உலகில் பொல்லாங்கு என்று ஒன்றே இல்லை என்ற நிலை. பொல்லாங்கே இல்லையென்றால் துன்பம் பாடமும் அல்ல, சோதனையும் அல்ல. அதற்குப் பரிசு கேட்கவும் இடமில்லை. ஆங்கிலத்தில் இதற்குக் கிட்ட வருபவர் கண்ணிழந்த மில்ரன். ஏதும் செய்ய இயலாமல் காத்து நிற்பதையும் தொண்டாக ஏற்ற சொனெற்று அவருடையது. ஆனாலும் அங்கே முதலில் ஒரு முறைப்பாடு எழுந்து, பிறகே அடங்குகிறது.

யோகரின் பாடல்கள் அவ்வப்போது வாயில் வந்தவை, அடியார்கள் எழுதிவைத்தவை. 1935இல் தொடங்கிய 'சிவதொண்டன்' இதழ் அவற்றைப் பரப்பியது. 'நற்சிந்தனை' நூலாகவும் வந்தது. எல்லாம் ஒரே தரமா? அல்ல. ஊருக்குப் புத்தி சொல்பவை பல, ஔவையார் வழியில் எவரும் பாடக்கூடியவை. தம் நெஞ்சைக் கூப்பிட்டுப் பாடும்போதுதான் அவர் குரல் தனியாகக் கேட்கிறது. யாப்புப் பிழை தேடும் பண்டிதருக்கும், எல்லாமே திருவாக்கு என்னும் அடியாருக்கும் இந்த வேறுபாடு தென்படுவதில்லை.

அதே சம்பத்திரிசியாரில் சில காலம் விஞ்ஞானம் படிப்பித்த விபுலாநந்தர், பின்னர் 'மதங்க சூளாமணி'யில் (1926) சேக்ஸ்பியரை நம் நாடக இலக்கணத்தால் அளந்து காட்டினார். அந்தத் துணிச்சலோடு நற்சிந்தனையையும் தரம் பிரித்துப் படிக்கலாம். யோகர் கோபிப்பாரோ என்று அடியார்கள் பயப்படத் தேவையில்லை. புகழ வந்தவர்களைத்தான் அவர் ஏசிக் கலைத்தார்.