மொராக்கோவுக்கு வழி, வில்லியனூர்!

ஓட்டல் சூப்பின் மீது எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை உண்டு. மெனு கார்டில் ஸ்வீட் கார்ன், ஹாட் அண்ட் சோர், தக்காளி, மஷ்ரூம் என்று பத்துப் பெயர் இருக்கும். வருவது என்னவோ ஒரே கார்ன்ஃப்ளார் கஞ்சிதான். நிறம் மட்டும் மாறும். நாமும் மிளகுத்தூளைத் தட்டித் தட்டிக் குடித்துவிட்டு, பில்லில் அதன் விலையைப் பார்க்காத மாதிரி எழுந்து வந்துவிடுகிறோம்.

இந்த வரிசையில் சேர்ந்திருக்கும் புதுமுகம், 'மொராக்கன் வெஜிடபிள் சூப்'. வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்கள். குறிப்பைப் படித்துப் பாருங்கள். ஆலிவ் ஆயில், ஒரு டின் கொண்டைக்கடலை, ஒரு ஸ்பூன் சீரகத்தூள், கொஞ்சம் பட்டைத்தூள், இருபதே நிமிடம். இல்லாவிட்டால் 'ராஸ் எல் ஹனூத்' என்ற மசாலா பாக்கெட் ஒன்று. அரபியில் அதற்கு 'கடையின் தலை' என்று அர்த்தம். கடைக்காரர் தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியான சரக்குகளைக் கலந்து தருவது. கடைக்குக் கடை மாறும். அதைப் போட்டுவிட்டால் எதுவும் மொராக்கோ ஆகிவிடும் என்பது, சாம்பார் பொடி தூவிய பீட்சாவைத் தமிழர் உணவு என்பது மாதிரி.

என் புகார் ருசியைப் பற்றி மட்டும் அல்ல. அந்த சூப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது; அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

ஹரீரா. ரமலான் மாதத்தில் மொராக்கோ வீடுகளில் மாலையில் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு குடிக்கும் சூப் இது. பக்கத்தில் ஷெபாக்கியா என்று எள்ளும் தேனும் சேர்த்த ஓர் எண்ணெய்ப் பலகாரம் இருக்கும். பகல் முழுக்கப் பச்சைத்தண்ணீர் படாத வயிற்றுக்குப் போகிற முதல் சூடு. அதனால்தான் அதில் கடலை, பருப்பு, தக்காளி, மாவு என்று எல்லாமே இருக்கின்றன. இந்தச் சங்கதியை எடுத்துவிட்டு 'ஹெல்தி ஸ்டார்ட்டர்' என்று தலைப்புப் போட்டால் எப்படி சார்?

இவ்வளவும் எனக்குத் தெரிய வந்தது வில்லியனூரில், ஒரு நண்பர் வீட்டு அடுப்படியில். அவருடைய அக்கா பாரீஸ்வாசி. புதுச்சேரிப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் சொந்தபந்தங்கள் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டை இங்கே 'சொல்தா வீடு' என்பார்கள். மொராக்கோவும் 1912 முதல் 1956 வரை பிரான்சின் பிடியில் இருந்த நாடு. அங்கிருந்து பிழைக்கப் போனவர்களோடு ஹரீராவும் பிரான்சுக்குப் போயிற்று. அங்கிருந்து அக்காவின் சூட்கேஸில் ஏறி வில்லியனூருக்கு வந்தது. என்ன ஒரு சுற்று!

சூட்கேஸில் வந்தது பக்குவம் மட்டும்தான். செலரியைத் தவிர மற்றதெல்லாம் தெருமுனை மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைத்துவிட்டன. நாலைந்து பேருக்கு நூறு கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் தனியாகக் குக்கரில் வேகவைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொல்லும் குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். தக்காளிப் புளிப்புப் பட்டால் கடலை லேசில் வேகாது. புளி ஊற்றியபின் பருப்பை வேகவைக்கக் கூடாது என்று உங்கள் பாட்டி சொன்ன அதே விஞ்ஞானம்தான்.

கடலை எண்ணெயில் இரண்டு வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இஞ்சி, மஞ்சள், மிளகுத்தூள், ஓர் அங்குலப் பட்டை. பச்சை மிளகாய் கிடையாது. தாளிப்பு கிடையவே கிடையாது. நாலு தக்காளியை அரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி மசூர் பருப்பு, கேரட், பரங்கி, உருளை, செலரிக்குப் பதிலாகப் பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். சிறு தீயில் முக்கால் மணி நேரம். வெந்த கடலை அதன்பிறகுதான். கடைசியில் மூன்று ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் நீரில் கட்டியில்லாமல் கரைத்து, நூல் மாதிரி ஊற்றியபடியே கிளற வேண்டும். பத்து நிமிடம் கொதித்தால் வழவழவென்று சேர்ந்துகொள்ளும்.

இந்த மாவுக் கரைசலுக்கு 'தெதூய்ரா' என்று பெயர். முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டு ஊற்றுவது பழைய முறை. புளித்த மாவின் அருமையை இட்லிக்காரர்களான நமக்கு விளக்க வேண்டுமா? ஆனால் நம் குறிப்புகள் இந்த இடத்தில்தான் கார்ன்ஃப்ளாரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

ஹரீராவில் சேமியாவோ அரிசியோ கொஞ்சம் போடுவது உண்டு. அக்கா சேமியா என்றார். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அந்தப் பெருமையில் நண்பர் பாகூர் அரிசி நொய்யை இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டார். கால் மணி நேரத்தில் கரண்டி நிமிர்ந்து நின்றது. அக்காவுக்குக் கோபம். எனக்கோ முதல் வாயிலேயே சிரிப்பு. ரொம்பத் தெரிந்த ஆசாமி!

வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கிறது. 1877-ம் வருடத்து லூர்து மாதா கோயில் இருக்கிறது. சுல்தான்பேட்டையில் பள்ளிவாசல். நோன்பு மாதம் வந்தால் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்பது நோன்பு இருப்பவர்கள் மட்டும்தானா என்ன? அரிசி, பருப்பு, பட்டை, இஞ்சி, மல்லி. தேங்காய்ப்பாலையும் பூண்டையும் வெந்தயத்தையும் கழித்துவிட்டுத் தக்காளியையும் கடலையையும் கூட்டுங்கள். ஹரீரா நம் நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எந்தச் சமையல் குறிப்பும் இதைச் சொல்லவில்லை. இங்கிலீஷில் இருந்து எடுத்து எழுதுகிறவருக்கு மொராக்கோவும் தெரியாது, பள்ளிவாசல் கஞ்சியும் நினைவுக்கு வராது போலிருக்கிறது.

அப்படியானால் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா? நண்பரின் அம்மா மாற்றிப் பார்த்தார். "என்னடா இது, வாசனையே இல்ல. வடகம் தாளிச்சாத்தான் சரிப்படும்" என்று ஒரு கிண்ணத்தில் மட்டும் தாளித்துக் கொட்டினார். வாசனை தெருவரைக்கும் போனது. ஆனால் பட்டை, மல்லி, தக்காளி மூன்றும் போன இடம் தெரியவில்லை. நல்ல வடகக் குழம்பு, ஹரீரா இல்லை.

நம் வடகத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் கடுகும் உளுந்தும் வெந்தயமும் பிசைந்து, உருட்டி, நாள்கணக்கில் வெயிலில் காயும் வடகத்தை, 'வடுவான்' என்று பெயர் மாற்றி மேல்நாட்டில் விற்கிறார்கள். வெயிலையே பார்க்காத, வெறும் வெங்காயத்தூள் கலந்த மஞ்சள் மசாலாவும் அந்தப் பெயரில் வருகிறது. அதைப் பார்த்து "இதுவா வடகம்?" என்று நாம் சிரித்தால், மொராக்கோ பாட்டி நம் கார்ன்ஃப்ளாரைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வாள்.

ஒரு எச்சரிக்கை. மறுநாள் இது அல்வா மாதிரி இறுகிவிடும். வெந்நீர் விட்டுச் சூடாக்கி, எலுமிச்சையைப் புதிதாகப் பிழிந்துகொள்ளுங்கள். அம்மாவும் அப்படித்தான் மறுநாள் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டாராம். பொரித்த வடகம் பக்கத்தில் தனித் தட்டில்.